ஒன்பதுக்கு எரிந்து ஆறுக்கு அணைகிறவன்

ஜனவரி 9

தம்பிக்கு,

போனை ஏன் எடுப்பதில்லை என்று ஏழு முறை செய்தி அனுப்பியிருக்கிறாய். எடுக்கப் பிடிக்கவில்லை, அதனால் எடுக்கவில்லை. போனில் உன்னோடு பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே "ஒரு நிமிஷம்க்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் அது முடியாது. நான் சொல்வதைக் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும். இனி உன்னோடு பேச்சு கிடையாது. எழுத்து மட்டும்தான்.

என் மனத்தாங்கல் என்னவென்று தெரியாதது போலக் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். இந்த ஆறு மாடி ஆபீஸைக் காலி செய்துவிடலாம், எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை போனது. அதன் அடியில் முதல் கையெழுத்து உன்னுடையது. அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் குத்தியது என் கை. குண்டூசியைச் செருகிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தபோதுதான் உன் பெயரைப் பார்த்தேன். நாலாவது மாடியிலிருந்து தினம் என் டைம் ஆபீஸ் ஜன்னலைத் தாண்டித்தானே போனாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாதத்தில் வீட்டையும் காலி செய்துகொண்டு எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊருக்குப் போய்விட்டாய்.

இங்கே நிலைமை இதுதான். கட்டடத்தில் நான் ஒருத்தி. லீஸ் முடிகிறவரை டைம் ஆபீஸ் இருக்கும் என்றிருக்கிறார்கள். முன்பு ஆட்கள் வந்து கார்டு தேய்ப்பார்கள், நான் பதிவேட்டில் குறிப்பேன். இப்போது ஒரு திரை. நூற்று முப்பத்தெட்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. அவரவர் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்டால் பச்சை. ஐந்து நிமிடம் தொடாவிட்டால் மஞ்சள். அப்புறம் சாம்பல். பச்சையாக இருந்தால் 'ஆஜர்' போடவேண்டும். இதையும் நானேதான் கற்றுக்கொண்டேன். எட்டாவதோடு நின்றவளுக்கு யார் உட்கார்ந்து சொல்லித் தரப்போகிறார்கள்?

உன் புள்ளி இன்று ஒன்பது இரண்டுக்கு எரிந்தது. நலமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

அக்கா

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திட்டுவதற்காவது எழுதினாயே. பேனா பிடித்து எத்தனை நாளாகிவிட்டது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

சொல்லாமல் கையெழுத்துப் போட்டது தப்புதான். சொல்ல நினைத்து இரண்டு நாள் உன் ஜன்னல் வரை வந்தேன். நீ யாரையோ "நாலு நிமிஷம் லேட்டு, காரணத்தை எழுதிட்டுப் போங்க" என்று பிடித்து நிறுத்தியிருந்தாய். பயந்து போய்விட்டேன். நாற்பத்தெட்டு வயதில் அக்காவுக்குப் பயம், யாரிடம் சொல்ல?

ஆனால் அந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. நான்தான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருத்தி கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்து பாத்ரூமில் அழுதுகொண்டிருந்தவள். ஒருவருக்குப் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அவர்களெல்லாம் இன்று மனிதர்களைப் போலத் தூங்குகிறார்கள். அதை நீ பார்க்கவில்லை.

எனக்கும் வசதிதான். இங்கேயும் நாலாவது மாடி, ஒற்றை அறை. கட்டிலிலிருந்து மேஜைக்கு மூன்றடி. மேஜைக்கு எதிரே சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், அவர்கள் டிவி பார்த்துச் சிரிப்பது கேட்கும். சாப்பாடு கதவுக்கே வருகிறது. கொண்டுவருகிறவர் "நம்பர் சொல்லுங்க சார்" என்பார். நாலு எண் சொல்வேன். சில நாள் அன்றைக்கு நான் வாய்விட்டுப் பேசியது அந்த நாலு எண்தான் என்று பிறகு நினைவு வரும். தமாஷுக்குத்தான் சொல்கிறேன், நீ உடனே பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

போனை எடு அக்கா. உன் குரல் கேட்டு நாளாகிறது.

தம்பி

ஜனவரி 25

தம்பிக்கு,

எடுக்கமாட்டேன்.

கைக்குழந்தைக்காரி நன்றாக இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மணி நேரக்காரரும் தூங்கட்டும். உன் அறிக்கையில் அவர்கள் இருந்தார்கள். எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் இருந்தாரா? பத்தரைக்கும் நாலுக்கும் நம்மவர்கள் போய் நின்று மேனேஜரைத் திட்டுவார்களே, அந்தக் கடை போன வாரம் ஷட்டரை இறக்கிவிட்டது. "வீட்ல இருந்தே டீ குடிக்கிறாங்கம்மா, நான் வீட்ல இருந்தே போடவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மாடி துடைக்கிற அம்மாவை நிறுத்திவிட்டார்கள். காலை எட்டே காலுக்கு வரும் பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள், ஏறுவதற்கு ஆள் இல்லையாம். இப்போது ஏழு மணி பஸ்ஸில் வந்து ஒன்பது வரை சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று லிஃப்ட் வேண்டாம் என்று படியேறி உன் மாடிக்குப் போனேன். நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். யாரோ விட்டுப்போன ஸ்வெட்டர் ஒன்று கொக்கியில் தொங்குகிறது. நான் நடந்த சத்தம் எனக்கே பின்னால் யாரோ வருவது போலக் கேட்டது. "யாரது?" என்று அதட்டிவிட்டேன். நல்லவேளை, கேட்க யாரும் இல்லை.

உன் புள்ளி ஞாயிற்றுக்கிழமையும் எரிந்திருக்கிறது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் தெரிகிறது. அவ்வளவு என்ன வேலை? உன் பெண்டாட்டி பிரிந்துபோய் நாலு வருடமாகிறது, இன்னும் வேலையைக் கட்டிக்கொண்டே காலம் தள்ளலாம் என்று நினைக்கிறாயா? வெளியே போய் நாலு பேரைப் பார்.

அக்கா

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

வேலை அதிகம். அதனால்தான் தாமதம்.

நீ கேட்டதற்குப் பதில்: வெளியே போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. முன்பு ஆபீஸ் என்று ஒன்று இருந்தது, போகிற வழியில் மற்றதெல்லாம் தானாக நடந்தது. இப்போது ஒரு சோப்பு வாங்கக்கூட நான் தனியாக முடிவெடுத்து, சட்டை மாட்டி... சரி விடு. சோப்பும் கதவுக்கே வருகிறது.

மீட்டிங்கில் நான் கேமராவைப் போடுவதில்லை. யாருமே போடுவதில்லை. பதினோரு கறுப்புக் கட்டங்கள். ஒருநாள் நான் பத்து நிமிடம் பேசி முடித்த பிறகு பார்த்தால் என் மைக் அணைந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்தது, எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லி இருபத்தைந்து நாளாகிறது. நடுவில் நான் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. பெரிய மனிதன் ஆகிவிட்டாய் போலிருக்கிறது.

உனக்கு உடம்புக்கு ஏதாவது என்று நான் கவலைப்படுவேன் என்று நினைக்காதே. என் முன்னால் திரை இருக்கிறது. ஒன்பது அடித்தால் எரிகிறாய், ஆறு அடித்தால் அணைகிறாய். நடுவில் ஒரு மஞ்சள் கிடையாது. முப்பத்து நாலு வருடத்தில் இப்படி ஒரு வருகையை நான் பார்த்ததில்லை. கம்பெனிக்கு ஒன்பது மணி நேரம் தரமுடிகிறவனுக்கு அக்காவுக்கு ஒரு பக்கம் எழுதக் கை வலிக்கிறது, அவ்வளவுதானே? நான் யார்? உன் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அவ்வளவுதான்.

கோபம் வேறு, கடமை வேறு. பிப்ரவரி மாதம் முழு வருகைக்கான பாராட்டுப் பத்திரத்துக்கு நூற்று முப்பத்தெட்டு பேரில் உன் ஒருவன் பெயரைத்தான் எழுதினேன். தம்பி என்பதற்காக இல்லை, நீயே தெரிந்துகொள். பரிந்துரை என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வாங்கி ஆணியடித்து மாட்டிக்கொண்டு அதோடு பேசிக்கொண்டிரு.

இனி நீ எழுதினால்தான் நான் எழுதுவேன்.

அக்கா

மார்ச் 14

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்துவிட்டேன். இதையாவது தபால்பெட்டியில்... தபால்பெட்டிவரை போகமுடியாது, சாப்பாடு கொண்டுவருகிறவரிடம் கொடுத்துப் போடச் சொல்லப்போகிறேன்.

பிப்ரவரி பன்னிரண்டிலிருந்து மார்ச் ஆறு வரை நான் வேலை பார்க்கவில்லை.

காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை. அன்று காலை எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. எழவில்லை. மறுநாளும் அப்படியே. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள், பிறகு தட்டு கழுவினார்கள், பிறகு மறுபடி சிரித்தார்கள். பிஸ்கட் இருந்தது. தண்ணீர் இருந்தது. எத்தனை நாள் குளிக்கவில்லை என்று உனக்கு எழுதமாட்டேன்.

நீ கேட்பாய், புள்ளி எப்படி எரிந்தது என்று. டேபிள் ஃபேன் தலையைத் திருப்பித் திருப்பி வீசும் இல்லையா, அதன் கழுத்திலிருந்து ஒரு நூலை மவுஸுக்குக் கட்டினேன். மறுபக்கம் ஒரு ரப்பர் பேண்ட். ஃபேன் அந்தப் பக்கம் திரும்பினால் மவுஸை இழுக்கும், இந்தப் பக்கம் திரும்பினால் ரப்பர் பேண்ட் இழுக்கும். ஜனவரியிலேயே செய்துவைத்தது. அப்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்தது, அன்று தூங்குவதற்காக, சும்மா விளையாட்டாக. ஃபேன் ஸ்விட்ச் கட்டிலுக்குப் பக்கத்தில். காலை ஒன்பதுக்குக் கை நீட்டிப் போடுவேன். மாலை ஆறுக்குக் கை நீட்டி அணைப்பேன். அந்த மூன்று வாரமும் நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

யாரும் கேட்கவில்லை அக்கா. நான் சரிபார்க்க வேண்டிய தாள்கள் எல்லாம் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு என்னைத் தாண்டித் தானாக அடுத்தவருக்குப் போயின. அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நான் இல்லாமல் எல்லாம் நடந்தது. படுத்துக் கிடந்ததைவிட அதுதான்...

மார்ச் ஆறாம் தேதி யாரோ கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. போகவும் இல்லை. "கையெழுத்து போடணும் சார், ஆளு வந்தாதான் குடுக்க முடியும்" என்று மறுபடி மறுபடி தட்டினார். தபால்காரர். திறந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் கையெழுத்துப் போடாமல் அழுதுவிட்டேன். பாவம், அந்த மனிதர் பேனாவைப் பிடித்தபடியே நின்றார்.

உள்ளே உன் பாராட்டுப் பத்திரம். எழுந்து உட்கார முடியாதவனுக்கு முழு வருகைக்காக உன் கையெழுத்து.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ பார்த்ததைத்தான் எழுதினாய். ஆனால் அக்கா, நீ அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தாயே, ஒருமுறைகூட போன் பண்ணத் தோன்றவில்லையா?

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

போன் பண்ணத் தோன்றவில்லையா என்று கேட்டாய். தோன்றியது. பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தேன், அதனால் பேசவில்லை.

ஆனால் ஒன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முப்பத்து நாலு வருடம் வாசலில் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்தவள் நான். ஒருவனும் தினம் டாண் என்று ஒன்பதுக்கு வரமாட்டான். ஒருநாள் மழை, ஒருநாள் பிள்ளைக்கு வாந்தி, ஒருநாள் செருப்பு அறுந்தது, ஒருநாள் சும்மா. எத்தனை பேரைப் பிடித்து நிறுத்திக் காரணம் எழுத வைத்திருக்கிறேன்! நிமிடம் தவறாமல் ஒருவன் இருக்கிறான் என்றால் அங்கே மனிதன் இல்லை என்று அர்த்தம். அதைப் பார்த்து நான் பாராட்டுப் பத்திரம் எழுதினேன்.

செய்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பிப்ரவரி பன்னிரண்டு முதல் மார்ச் ஆறு வரை, ஞாயிறு நீக்கி இருபது நாள். இருபதையும் சிவப்பு மையால் அடித்து 'வரவில்லை' என்று திருத்திவிட்டேன். பக்கத்தில் 'தவறாகப் பதிந்தவர்: டைம்கீப்பர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தையும் ரத்து செய்யச் சொல்லி எழுதிவிட்டேன். உனக்கு இதனால் என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

இன்னொன்று. திங்கட்கிழமையிலிருந்து நான் புள்ளியைப் பார்த்து ஆஜர் போடுவதில்லை. போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். பெயரைச் சொல்லி "வந்தாச்சா?" என்று கேட்பேன். வாய்விட்டுச் சொன்னால்தான் ஆஜர். நூற்று முப்பத்தெட்டு பேரைக் கூப்பிட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. முதல் நாள் பாதிப் பேர் "என்னம்மா புதுத் தொல்லை?" என்றார்கள். ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார், டாக்டரிடம் போங்கள் என்று அதட்டினேன். ஒரு பெண், "என் பேரை யாராவது சொல்லி ஒரு வாரம் ஆச்சு" என்றாள். சொல்லிவிட்டு வைக்கவே இல்லை, இருபது நிமிடம். உன் கைக்குழந்தைக்காரியும் பட்டியலில் இருக்கிறாள். "எனக்கு இதுதாம்மா நிம்மதி, குழந்தை தூங்குது, தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க" என்றாள். 'நலம், கூப்பிட வேண்டாம்' என்று குறித்துக்கொண்டேன். அவள் விஷயத்தில் நீ சொன்னது சரி. ஒருத்தி விஷயத்தில் மட்டும்.

மேனேஜர் என்னைத் திரையில் வரச்சொல்லி, இது ஊழியர்களைக் கண்காணிப்பது, தப்பு என்றார். "கண்காணிக்கிறது உங்க புள்ளி சார். நான் கூப்பிடுறேன்" என்றேன். நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நிறுத்தவில்லை.

உன்னை மட்டும் கூப்பிடுவதில்லை. சொன்னது சொன்னதுதான். ஒழுங்காகக் குளி. டாக்டரைப் பார்.

அக்கா

மார்ச் 26

அக்காவுக்கு,

நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் பத்தாம் தேதி உன் ஊரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்கம் சொல்லவேண்டும். வராவிட்டால் வேலை இல்லை. போனிலோ திரையிலோ ஏற்கமாட்டார்களாம். வீட்டிலேயே இரு என்று அனுப்பியவர்கள், இப்போது நேரில் வா என்கிறார்கள்.

நீ மறைத்திருக்கலாம். வேறு எந்த அக்காவும் மறைத்திருப்பாள். இருபது இடத்தில் சிவப்பு மை. உனக்குப் பதிவேடு பெரிது, நான் அடுத்தது. எப்போதும் அப்படித்தான்.

டாக்டரைத் திரையில் பார்த்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் கொஞ்சம் வெளியே நடங்கள் என்றார். நேற்று முயற்சி செய்தேன். சட்டை போட்டு, தலை சீவி, கதவைப் பூட்டினேன். இரண்டு மாடி இறங்கிவிட்டேன். கீழேயிருந்து ஒரு குடும்பம் பேசிக்கொண்டே ஏறி வந்தது. அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், ஏதாவது சொல்வார்கள், நான் பதில் சொல்லவேண்டும். திரும்பி ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு மாடி இறங்கத் தெரியாதவன் எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து விளக்கம் சொல்லப்போகிறான்.

நான் வரப்போவதில்லை. வேலை போகட்டும். நீயும் வந்துவிடாதே. இந்த அறையை நீ பார்க்கவேண்டாம்.

தம்பி

மார்ச் 31

தம்பிக்கு,

மறைத்திருப்பேன், நீ காய்ச்சலில் படுத்திருந்தால். நீ காணாமல் போயிருந்தாய். காணாமல் போனவனை 'ஆஜர்' என்று எழுதிவைத்தால் யார் தேடுவார்கள்? நான் திருத்தாமல் விட்டிருந்தால் அந்த ஃபேன் மறுபடி உனக்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். மன்னிப்புக் கேட்கமாட்டேன். திருத்தியதற்குக் கேட்கமாட்டேன். போன் பண்ணாததற்கு வேண்டுமானால் நேரில் பார்க்கும்போது யோசிக்கிறேன்.

இன்றோடு டைம் ஆபீஸ் மூடப்படுகிறது. லீஸ் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, ஆனால் நான் கூப்பிடுவதை நிறுத்தாததால் என்னை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக இன்று மாலைவரை கூப்பிட்டு முடித்துவிட்டேன். நாளை முதல் கூப்பிடமாட்டேன் என்று சொன்னேன். ஏழு பேர் என் வீட்டு எண்ணை வாங்கிக்கொண்டார்கள்.

வராதே என்று எழுதியிருக்கிறாய். ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் கட்டட வாசலில் இருப்பேன். மாடி ஏறமாட்டேன், முழங்கால் ஒத்துழைக்காது. ஏற முடிந்தாலும் ஏறமாட்டேன், நீ காட்ட விரும்பாத அறையைப் பார்க்க எனக்கு என்ன அவசியம்? மணி அடிக்கமாட்டேன். போன் பண்ணமாட்டேன். நீதான் இறங்கி வரவேண்டும். பன்னிரண்டு மணி வரை பார்ப்பேன். வரவில்லையென்றால் பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு கடிதமும் கிடையாது. என்னை உனக்குத் தெரியும்.

அக்கா

ஏப்ரல் 6
உன் கட்டட வாசல்
மணி ஒன்றரை

தம்பிக்கு,

இந்தக் காகிதத்தை வாட்ச்மேன் உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வருவார். கதவைத் தட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டேன். அவர் தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறார். "யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டார். நாலாவது மாடி, கடைசி வீடு, என் தம்பி என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது காலி வீடு இல்லையா? அங்க யாரும் இருக்கிற மாதிரியே தெரியலையேம்மா" என்றார். ஐந்து மாதமாக உன் கட்டடத்துக்குக் காவல் இருக்கிறவர்.

"இருக்கான். இறங்கி வருவான்" என்று சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு எழுந்து நின்றேன். பையைத் தோளில் மாட்டினேன். தெரு முனை வரைகூட நடந்துவிட்டேன், பஸ் நிற்பது தெரிந்தது. கண்டக்டர் கூப்பிட்டார். என் வாயிலிருந்து வந்த வார்த்தையை நான் முப்பத்து நாலு வருடமாக ஒருநாளும் மீறியதில்லை. பஸ் போனபிறகும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது மூன்று மணிக்கு. அதற்கப்புறம் ஆறுக்கு ஒன்று. நாளை காலையில் மூன்று பஸ் இருக்கிறதாம். எல்லாம் கேட்டு வைத்திருக்கிறேன், எதில் ஏறவேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. இரண்டு டிக்கெட்டாக எடுப்பதா ஒன்றா என்பதும் நீ வந்த பிறகுதான் தெரியும்.

விளக்கம், வேலை, பத்தாம் தேதி எல்லாம் அப்புறம். இப்போது நான்கு மாடி மட்டும்தான். ஒரு மாடி இறங்கி நின்று மூச்சு வாங்கிக்கொள். யாராவது எதிரே வந்து ஏதாவது கேட்டால், "அக்கா கீழே உட்கார்ந்திருக்கா" என்று சொல். அதற்குமேல் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. திரும்பி ஓடவேண்டும் போல இருந்தால் ஓடிக்கொள். மறுபடி இறங்கு.

வாட்ச்மேன் எழுந்துவிட்டார், காகிதத்துக்குக் காத்திருக்கிறார். நான் இங்கேதான் இருக்கிறேன்.

அக்கா